பெல்ட் சத்தம்

ஜெயவேல் முதல் வேலையாக இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. அவருக்குப் பாதி உயிர் வந்தது.

பத்து வருஷத்துக்கு முன் பழைய டிராக்டர் வாங்கப் போனபோது, விற்றவன் விடியற்காலையிலேயே ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தான். ஒரே திருப்பில் கிளம்பியதே என்று மயங்கி வாங்கி வந்தார். மறுநாளிலிருந்து அதைத் தள்ளித்தான் கிளப்புகிறார். சூடு கண்ட பூனை.

இப்போது பெரணமல்லூரில் பன்னிரண்டு ஏக்கர் மேட்டைச் சமன்படுத்தும் வேலை வாசல்வரை வந்து நிற்கிறது. திங்கட்கிழமைக்குள் புல்டோசரோடு போய் நின்றால் வேலை அவருக்கு. இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு.

அவர் மனைவி இளமதியும் சும்மா இல்லை. நல்ல மிஷின் அமைய வேண்டுமென்று எட்டு வெள்ளிக்கிழமையாகச் சேவூர் புத்து அம்மனுக்குப் பால் ஊற்றுகிறாள். இன்று ஒன்பதாவது.

சேவூர் வயலோரம் ஒரு வருஷமாக நிற்கும் வண்டி இது. செயினைப் பார்த்தார், தேய்மானம் இல்லை. ஆயிலை விரலில் தொட்டு, பட்டுநூலில் சாயம் பார்ப்பதுபோல் தேய்த்தார். சுத்தம். முன்பக்கத்தை மட்டும் தென்னோலைத் தட்டி மறைத்திருந்தது.

“முன்னாடி என்னாங்க இருக்கப்போவுது? மண்ணு தள்ளுற தகடுதான்,” என்றார் விற்கிற வீரபாகு.

ஜெயவேல் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். இன்ஜின் உறுமியது. கூடவே முன்பக்கம் கீச்சென்று ஒரு சத்தம். அணைத்தார், நின்றது. மறுபடி போட்டார். மறுபடி அதே சத்தம், முன்னைவிடப் பலமாக.

“ஃபேன் பெல்ட் கத்துதே?”

“பெல்ட்டேதாங்க! புதுசு போட்டுத் தரேன், ஜல்தியா முடிச்சுக்கலாம்.” வீரபாகுவுக்கு நெற்றியெல்லாம் வியர்வை.

ஜெயவேல் வாய்ச்சொல்லை நம்பி வாங்குகிற காலம் மலையேறிவிட்டது. பெல்ட்டைக் கண்ணால் பார்த்துவிட இன்ஜினை அணைத்து, சாவியோடு இறங்கி, தட்டியை விலக்கினார்.

அது பெல்ட் இல்லை, குலவை.

ஏழெட்டுப் பெண்கள் கைகூப்பி நின்றார்கள். மண் தள்ளும் தகட்டோடு ஒட்டி இடுப்புயரத்துக்குப் புற்று வளர்ந்திருந்தது. தகடு முழுக்க மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, நல்ல ஆரணிப் பட்டாகச் சுற்றியிருந்தார்கள். பின்னால் ஒரு வண்டி இருக்கிறது என்ற நினைப்பே யாருக்கும் இல்லை.

பால் சொம்போடு முதலில் நின்றவள் இளமதி. கண்ணெல்லாம் தண்ணீர்.

“வந்துட்டீங்களா? அம்மா உறுமி உத்தரவு குடுத்துட்டாங்க! ரெண்டு தபா! நம்ம மிஷின் வந்துகினு இருக்குதுங்க!”

ஜெயவேல் திரும்பிப் பார்த்தார். வீரபாகு வரப்பில் வேகவேகமாகப் போய்க்கொண்டிருந்தார்.

ஜெயவேல் சாவியைச் சட்டைப் பைக்குள் ஒளித்தார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.