கறுப்புத் தண்ணீர்

"அந்தத் தட்டுல மைன்ஸ் தூசி கோடு கோடா அப்பிக்கினு இருந்துச்சுங்க. சாம்பல் போட்டு நல்லா தேச்சுட்டேன்" என்று பெருமையோடு குழாயடியிலிருந்து நிமிர்கிறாள் கலியம்மாள். சுரங்கத்தில் ஷிப்டு முடிந்து குவார்ட்டர்ஸுக்குள் நுழைந்த அவள் புருஷன் சிங்காரவேலின் கையிலிருந்து சாப்பாட்டுத் தூக்கு நழுவி உருள்கிறது. செத்துப்போன அவன் அக்கா அமிர்தம் பாடிய ஒரே இசைத்தட்டு, பித்தளைத் தாம்பாளங்களோடு வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறது. அதை எடுத்து மெல்ல விரலை ஓட்டுகிறான். வழவழவென்று இருக்கிறது. "அது தூசி இல்ல, கலியம்மா. அந்தக் கோட்டுலதான் அக்கா குரலே இருந்துச்சு. முள்ளு அதுக்குள்ள ஓடுனாத்தான் பாட்டு வரும்." அவள் கையிலிருந்த தேங்காய் நாரை வீசிவிட்டு, சாக்கடைப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும், தட்டைக் கழுவிய கறுப்புத் தண்ணீரை இரண்டு கையாலும் மறித்துப் பிடிக்கிறாள்.