புறாவும் வாளும்

பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரில், கம்ப்யூட்டர் கேம் கடையின் தகரக் கூரையில் மழை அறைகிறது. டெஸ்ஸி மாதக்கணக்கில் வளர்த்த வீராங்கனை திரையில் கிணற்றடியில் செத்துக் கிடக்கிறாள்; குத்தியவன் அவள் கேடயத்தை உருவுகிறான். அவனை ஆட்டுவிக்கும் ரோமெல் பக்கத்து நாற்காலியில்தான், டெஸ்ஸி வாங்கிக் கொடுத்த, சர்க்கரையில் பொரித்துக் குச்சியில் செருகிய வாழைப்பழத்தைக் கடித்தபடி இருக்கிறான். "அமைதி சர்வர் வேணாம், போர் சர்வருக்கு வா, நான் காவல் இருக்கேன்னு இழுத்துட்டு வந்தவன்தானேடா நீ?" என்று சீறுகிறாள். "இங்க யாரும் யாரையும் கொல்லலாம், செத்தா செத்ததுதான். பயமா இருந்தா அமைதி சர்வருக்கு ஓடு" என்கிறான் ரோமெல். டெஸ்ஸியின் காது மடல் சிவக்கிறது. புதிய வீராங்கனைக்குச் சர்வர் தேர்ந்தெடுக்கும் பக்கத்தைத் திறக்கிறாள். அமைதிக்கு வெள்ளைப் புறாவும் போருக்குச் சிவப்பு வாளும் மினுங்குகின்றன. அவன் கையிலிருந்த குச்சியை வெடுக்கென்று பிடுங்கி, மிச்சப் பழத்தைக் கடித்துக்கொண்டே வாளை அழுத்துகிறாள்.

"இந்தத் தடவை உன்ன நம்பி வரலடா."