நீங்க முன்னாடி ஏறுங்கப்பா

மூன்றாம் தேதி, செவ்வாய். இன்றைய தவறு: அவசரம். பேருந்து நிறுத்தத்தில் நிற்பது மட்டும்தான் இன்றைய வேலை. வண்டியைத் தொட்டும் பார்த்துவிடலாமே என்று ஆசைப்பட்டதில் எல்லாம் கெட்டது. நாளை: மறுபடியும் நிறுத்தம். நின்றால் போதும்.

“எழுதி முடிச்சிட்டியா கண்ணு?” என்று கதவுக்கு வெளியிலிருந்தே கேட்டார் அப்பா.

மகள் நோட்டை மூடித் தலையணைக்கு அடியில் செருகினாள். பதினாறு வயது. ஆறு மாதத்துக்கு முன் பேருந்து ஒன்று பாலத்தின் தடுப்பில் மோதிச் சரிந்தபோது முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவள். யாருக்கும் உயிர் போகவில்லை. அவளுக்கு இடது புருவத்தில் ஏழு தையல். தையல் ஆறிய பிறகும் அவள் பள்ளிக்குப் போகவில்லை. நடந்தே போய்விடக்கூடிய ஒரு மாலை வகுப்பில் சேர்ந்தாள். போக வர அப்பா துணை. அவரும் அன்றிலிருந்து நீண்ட விடுப்பில் இருந்தார். யாராவது கேட்டால், பொண்ணு தனியாகக் கிடந்து தவிக்கிறாள், நான் பக்கத்தில் இருந்தால்தான் சரி என்பார்.

அந்த வகுப்புக்கும் இப்போது வந்தது வினை. அடுத்த மாதம் முதல் அது பாலத்துக்கு அந்தப் பக்கம் போகிறது. நடக்கிற தூரமில்லை. பேருந்தில் ஏறாவிட்டால் படிப்பு அவ்வளவுதான்.

டாக்டர் ஒரு வழிமுறை சொல்லிக் கொடுத்திருப்பதாக மகள்தான் வந்து சொன்னாள். தினமும் ஒரே ஒரு சின்ன வேலை. முதலில் தெருமுனையில் நின்று பேருந்தைப் பார்ப்பது, பிறகு நிறுத்தம், பிறகு வண்டியைத் தொடுவது, ஏறி உடனே இறங்குவது. அன்றன்றைக்கு நோட்டில் குறிப்பு. நோட்டை வேறு யாரும் படிக்கக் கூடாது. இன்னொரு நிபந்தனை, எதையும் அப்பா முதலில் செய்து காட்ட வேண்டும்.

“நான் எதுக்குச் செய்யணும்? எனக்கென்ன பயமா?” என்றார் அப்பா.

“உங்களுக்குப் பயமில்லைன்னு எனக்குத் தெரியாதா? நீங்க செஞ்சா அதைப் பார்த்து எனக்குத் தைரியம் வரும்ல.”

இதற்கு மேல் எந்த அப்பாவால் முரண்டு பிடிக்க முடியும்?

வியாழக்கிழமை நிறுத்தத்தில் நெட்டை வந்து நின்றாள். பள்ளியில் மகளுக்குப் பக்கத்து இடத்துக்காரி. எல்லோரும் பூங்காவுக்குப் போகிறோம், ரெண்டே ஸ்டாப், நீயும் வா என்று கையைப் பிடித்து இழுத்தாள். மகள் ஓரக்கண்ணால் அப்பாவைப் பார்த்தாள். பிறகு கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

“பஸ்னா என்னால முடியாதுடி.”

“ஆறு மாசமா இதே பாட்டு. நாங்களும் எத்தனை தடவைதான் கூப்பிடறது?”

நெட்டை திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போய்விட்டாள். வண்டி வளைவில் மறையும் வரை மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா மகளைப் பார்த்தார். வீட்டையே இரண்டாக்குகிற வாயாடி. இன்று பேச ஒரு தோழி இல்லை.

“விடு கண்ணு. அவளுக்கு உயரம் இருக்கிற அளவுக்குப் பொறுமை இல்லை” என்றார். மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவருக்குத் தெம்பாக இருந்தது.

பதினேழாம் தேதி, உண்மையாகவே பயணம் செய்ய வேண்டிய நாள். முதல் வண்டியில் கூட்டம், உனக்கு மூச்சு முட்டும் என்றார் அப்பா. இரண்டாவதில் ஜன்னலோரம் காலியில்லை. மூன்றாவதில் ஏறுவதற்குள் அது கிளம்பிவிட்டது. நான்காவது வந்து நின்றபோது மகளின் குரல் தழுதழுத்தது.

“இதையும் விட்டா நாளைக்கு வீட்டை விட்டு வெளியில வரவே எனக்கு மனசு வராதுப்பா. நீங்க முன்னாடி ஏறுங்க.”

அவள் படிப்பு, அவள் நட்பு, அவள் சிரிப்பு எல்லாம் இந்த ஒரு படியில்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டார் அப்பா. பிடித்த கம்பி ஈரமாயிற்று. ஏறினார். நடத்துநர் நல்ல மனிதர். இருவரும் உட்காரும் வரை விசில் ஊதவில்லை.

“என் கையைக் கெட்டியா பிடிச்சுக்கங்கப்பா. நடுங்குது.”

பிடித்துக்கொண்டார். பாலம் வந்தது. கீழே தண்ணீர் மின்னியது. தடுப்புச் சுவரில் ஓரிடத்தில் மட்டும் புதுச் சிமெண்டு.

“கண்ணை மூடிக்கட்டுமா?” என்று மகள் கேட்டாள்.

“வேணாம். என்னையே பார்த்துக்கிட்டிரு. நானும் உன்னையே பார்க்கறேன்.”

பாலம் முடிந்தது. மூன்றாவது நிறுத்தத்தில் இறங்கியதும் அப்பா கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

“பார்த்தியா, ஒண்ணுமேயில்லை. இதுக்குப்போய் இத்தனை நாள் வீணா பயந்துட்டிருந்தே.”

“ஆமாப்பா. நீங்க இல்லைன்னா முடிஞ்சிருக்காது.”

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இந்தக் கதையை அப்பா மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை பாலம் இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை முடித்துக் களைத்து வந்திருந்த அம்மா, மூன்று தடவையும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டாள். அப்பா ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டே கைகழுவப் போனார்.

மகள் நோட்டை எடுத்தாள்.

பதினேழாம் தேதி, செவ்வாய். இன்றைய தவறு: பாலத்தின் மேல் என்னையறியாமல் சிரித்துவிட்டேன், அவர் கவனித்தாரோ என்னவோ. விடிகாலை வண்டியில் தனியாகப் போய் வழியைப் பார்த்துவைத்ததும், நடத்துநரிடம் சொல்லிவைத்ததும் உதவின. சரியாகத்தான் செய்கிறேனா தெரியவில்லை. எனக்குப் பயம் போவதற்கே மூன்று மாதம் பிடித்தது.

நாளை: பேருந்துப் பணிமனையில் நிற்கும் வண்டி ஒன்றில், விபத்துக்குப் பிறகு அவர் தொடாத ஓட்டுநர் இருக்கையில், அப்பாவை ஐந்து நிமிடம் உட்கார வைக்க வேண்டும்.