ஐம்பத்தெட்டு கிலோ

அக்கா, பாலைவனப் பாதைக்கென்று நான் வாடகைக்கு எடுத்த கண்ணீர்த்துளி வடிவப் படுக்கை டிரெய்லரைக் காரில் இழுத்துவந்து, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரில் அதே வாடகைக் கடையில் ஒப்படைத்தேன். எடுத்தபோது கடை எடைமேடை அறுநூற்று நாற்பது கிலோ காட்டியது. இன்று ஐம்பத்தெட்டு கூடுதல்.

"உள்ள எதையாவது விட்டுட்டியா தம்பி?" என்றார் கடைக்காரர் கிளெனிஸ்.

"இல்லீங்க, தண்ணியைக்கூட வடிச்சுட்டேன்."

எதையோ கெடுத்துவிட்டேனோ என்று குனிந்து சக்கரங்களைப் பார்த்தேன். கிளெனிஸ் டிரெய்லர் கதவைத் திறந்து பிடித்தார்.

"ஊர் வந்தாச்சு, இறங்குங்க."

எடை அறுநூற்று நாற்பதுக்கு இறங்கியது.

"யாருங்க அது?"

"கூட்டிட்டு வந்தவன் நீ. என்னைக் கேக்குறியா?"

டிரெய்லரைக் கழற்றிவிட்டு, தனியாக வீட்டுக்குக் கிளம்பினேன். பக்கத்து இருக்கைக்கு பெல்ட் போடச் சொல்லி கார் கத்தியது. இருக்கை காலி.

எட்டி பெல்ட்டை மாட்டினேன். சத்தம் நின்றது.

"நீங்க எங்க இறங்கணும்?" என்று கேட்டேன்.