ஒரு மீட்டர்

உச்சி வெயிலில் வெள்ளைக் கார் ஒன்று தனியாக நிற்கிறது. அதன் பானெட் மேல் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி இருக்கிறது. பக்கத்தில் லேப்டாப்போடு பெண் பொறியாளர் ஒருத்தி குந்தியிருக்கிறாள். காரின் சாவியைச் சோதனைப் பிரிவு அண்ணன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டே இருக்கிறார். கார் ரேடியோ சிக்னலில் கூப்பிட்டதும் சாவியின் பதில் எத்தனை சீக்கிரம் வருகிறது என்பதை வைத்துத்தான் கார் தூரத்தை அளக்கிறது. கைப்பைக்குள் அமுங்கிய சாவிக்கும் கதவு திறக்கட்டும் என்று, முந்தி வரும் மெல்லிய சிக்னல் சிணுங்கலையும் சாவியின் பதிலாக நம்பும்படி காருக்குச் சொல்லிவைத்தவள் அவள்தான். இப்போது பானெட் மேலிருக்கும் கருவி, ஒரு திருடன் செய்யக்கூடியதைப் போல, சாவிக்கு முந்திக்கொண்டு பொய்ச் சிணுங்கலை அனுப்புகிறது.

“எங்கண்ணே இருக்கீங்க?” என்று செல்போனில் கேட்கிறாள்.

“கேன்டீன் வாசல்லம்மா. இன்னும் போனா வேலைய விட்டே போன மாதிரி ஆயிடும்.”

அவள் சிரிக்கவில்லை. திரையில் ‘ஒரு மீட்டர்’ என்று தெரிகிறது. கதவு க்ளிக்கென்று திறக்கிறது. பக்கக் கண்ணாடிகள் காதுகளைப் போல விரிகின்றன. இதே பூட்டோடு நாலாயிரம் கார்கள் போன வாரமே விற்றுப்போய்விட்டன. அவற்றின் பூட்டுச் சிப்பில் எழுதியதை இனி யாராலும் மாற்ற முடியாது.

“என்னம்மா, பூட்டியேதானே இருக்கு?”

உள்விளக்கு அணைகிறது. கார் தானாகப் பூட்டிக்கொண்டு மறுபடி சாவியைத் தேடுகிறது. ஒரு மீட்டர்தான் என்று நம்பி, மறுபடியும் அவளுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது.