'அவ்வரா' என்றால் என்ன?

"யாருங்க அவ?"

பத்திரிகையைக் கணவர் மடியில் போட்டாள் அவள். பக்கம் முழுக்க அவருடைய கம்பெனியின் புதுக் கார். மேலே கொட்டை எழுத்தில் 'அவ்வரா'.

இதய ஆபரேஷன் முடிந்து வீட்டில் ஓய்விலிருந்த முதலாளி நிமிரவில்லை.

"ஏதோ பழைய மொழியில விடியல்னு அர்த்தமாம். கீழேயே போட்டிருக்கு பாரு."

"எல்லா அகராதியும் புரட்டிட்டேன். அப்படி ஒரு வார்த்தையே இல்ல. இது எவளோ ஒருத்தி பேருதான்!"

அழைப்பு மணி அடித்தது. பூங்கொத்தோடு வந்த விளம்பர மேனேஜரை வாசலிலேயே மடக்கினாள்.

"தம்பி, இந்தப் பேரை வச்சது யாரு?"

"சார்தான் மேடம். போன மாசம் விளம்பரம் அச்சுக்குப் போற நேரம், போன்ல பேரு கேட்டேன். கிசுகிசுன்னு 'அவ்வரா'ன்னு சொல்லிட்டு டக்குனு வச்சுட்டார். அர்த்தம் மட்டும் நாங்களா போட்டது."

"கிசுகிசுன்னா?" அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "கட்டினவளுக்குத் தெரியக் கூடாத பேரு!"

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல இருந்த முதலாளி, வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தார்.

"ஆபீஸ் போனைத் தொட்டா கையை ஒடிப்பேன்னு சொன்னது யாரு?"

"நான்தான். டாக்டர் சொன்னாரே!"

"இவன் போன் பண்ணினப்ப, மாத்திரையும் தண்ணியுமா மாடியேறி வந்தது யாரு?"

"நான்தான். அதுக்கென்ன இப்போ?"

"நான் எங்கடி பேரு சொன்னேன்? 'அவ வரா'ன்னு சொல்லிட்டுப் போனை வச்சேன்!"