யார் உதைத்தது

எனாமல் பேசின் தரையில் உருண்ட சத்தம் கேட்டுத்தான் மாயாண்டி கண்ணைத் திறந்தான்.

வெந்நீர் அந்த ஒற்றையறைக் காம்பரா முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. அவன் பெண்சாதி வேலாயி ஈரத் துணியும் கையுமாகக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது.

கம்பளிக்கு வெளியே ஒரு கால் மடங்கி நின்றது.

அது தன்னுடைய கால்தான் என்பது மாயாண்டிக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

நாலு மாதத்துக்கு முன்னால், வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்து மேல்மலையில் நிழல் மரத்துக் கிளை வெட்ட ஏறியவன், மழை ஈரத்தில் வழுக்கிக் கல்லின் மேல் மல்லாந்து விழுந்தான். விழுந்த இடத்தில் வலிகூட இல்லை. எழுந்திருக்கப் பார்த்தபோதுதான் தொப்புளுக்குக் கீழே ஒன்றுமே இல்லாதது தெரிந்தது. பெரியாஸ்பத்திரியில் மூன்று மாதம் கிடந்துவிட்டு வரிசை வீடுகளான லயத்துக்கு வந்து முப்பது நாளாகிறது. வேலாயி வெந்நீரில் துடைத்தாலும் பச்சைத் தண்ணீரில் துடைத்தாலும் அவனுக்கு எல்லாம் ஒன்றுதான்.

அந்தக் கால் பேசினை உதைத்திருக்கிறது.

மாயாண்டி கத்திக் கூப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பக்கத்துக் காம்பராவில் இருந்த மூக்கன் ஓடி வந்தான். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெருவிரல் வெடுக்கென்று மேலே நிமிர்ந்தது. மூக்கன் மாரியம்மனை நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டான். இன்னொரு தரம் ஆட்டிக் காட்டச் சொன்னான்.

மாயாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு முக்கினான். நெற்றி வியர்த்தது, கழுத்து நரம்பு புடைத்தது. கால் மெல்லச் சரிந்து, கட்டையைப் போட்டதுபோல் நீண்டு கிடந்தது.

சரி என்று விட்டுவிட்டு அவன் மூச்சு வாங்கிய நேரத்தில், கம்பளி உரசியதும் அது தானாக இரண்டு தரம் துள்ளியது.

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சொன்னால் கேட்காத கால், சொல்லாதபோது ஏன் ஆடுகிறது? அது ஆடியதே கண்ணால் பார்த்துத்தானே அவனுக்குத் தெரிகிறது?

மூக்கனுக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. சித்திரைக்குள் அண்ணன் மலை ஏறி வேலைக்குப் போய்விடுவார் என்று சொல்லிக்கொண்டே லயம் முழுக்கச் சேதி சொல்லப் போனான்.



வேலாயி பேசினை எடுத்து வைத்தாள். சாக்கால் தரையைத் துடைத்தாள். பிறகு வந்து, நடுங்கிக்கொண்டிருந்த காலைப் பிடித்தாள். ஒரு கை குதிகாலில், ஒரு கை முழங்காலுக்கு மேல். அவசரப்படாமல், சீராக அழுத்தினாள். நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

எங்கே பிடித்தால் அடங்கும் என்று இவளுக்கு எப்படித் தெரிந்தது?

"ஏம் புள்ள, ஒனக்கு ஒரு சந்தோசமும் இல்லையா?"

வேலாயி கையை எடுக்கவில்லை. அவன் முகத்தைப் பார்க்காமல், காலைப் பார்த்தபடியே சொன்னாள்.

இது இன்றைக்குத் தொடங்கியது இல்லை. ஆஸ்பத்திரியில் இரண்டாம் மாதமே ஒரு நாள், அவன் தூங்கிக்கொண்டிருந்தபோது, அவள் போர்வையை இழுத்துவிட்டாள்; கால் உதைத்தது. முதுகுத்தண்டுக்குள் ஓடுகிற நரம்பு நசுங்கிப்போனது என்று டாக்டர் சொன்னார். தலையிலிருந்து கீழே ஒரு சேதியும் போகாது, கீழேயிருந்தும் மேலே வராது. ஆனால் நசுங்கின இடத்துக்குக் கீழே நரம்புக்கு இன்னும் உயிர் இருக்கிறது. தொட்டால் அதுவாகவே உதைக்கும். அதை வைத்து நடந்துவிடுவார் என்று நினைக்காதே என்றார். அவனிடம் எப்போது சொல்வது என்பதை அவள் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்.

அவளும் நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டாள்.

வெளியே மூக்கனின் குரல் கடைசிக் காம்பராவரை போய்விட்டது. ஆட்கள் பேசிக்கொண்டு வருவது கேட்டது.

"டாக்டரு அதச் சொல்றதுக்கு முந்தியே," என்றாள் வேலாயி, "நான் சந்தோசத்துல வார்டு பூராவுக்கும் சீனி குடுத்துட்டேங்க."